ஐம்பது என்று எழுதிய கேக்

கேக் வந்துவிட்டது. வெள்ளைக் கிரீமின் மேல் ரோஸ் நிறத்தில் ஐம்பது என்று எண்ணால் எழுதி, சுழியத்துக்குள் ஒரு ஈயை வரைந்திருக்கிறார்கள். ஈ சிரிக்கிறது. அதற்கு எட்டுக் கால் போட்டிருக்கிறான் பேக்கரிக்காரன். பரிணாமம் கண்ணெதிரே நடப்பதைப் பார்க்கிறோம் என்று வாசலில் பலகை மாட்டியிருக்கிற மையத்தில், படித்துப் பட்டம் வாங்கிய இத்தனை பேர் கூடியிருக்கிற ஹாலில், ஈக்கு ஆறு கால்தான் என்பது ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. பட்டாலும் சொல்ல மாட்டார்கள். அழகாத்தானே இருக்கு, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க உல்கா என்பார்கள். உல்காவாம். தென்காசியில் பெற்றவர்கள் எனக்கு வைத்த பேர் உலகம்மாள். வெளிநாட்டுக்காரர்கள் வாயில் நுழையவில்லை என்று இயக்குநர் ரகோத்தமன் என்னை ஒரு மதியச் சாப்பாட்டின்போது உல்கா ஆக்கிவிட்டார். மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டே ஆக்கினார். உங்களுக்குச் சம்மதமா என்று கேட்கவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றைக்கே முறைத்திருக்க வேண்டும். மேசையில் கேக்குக்குப் பக்கத்தில் என் கூண்டைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், கண்ணாடிப் பெட்டி, முன்பக்கம் கையை விடுவதற்குத் துணிக்குழாய், அதில் ஒரு முழம் மல்லிகையைச் சுற்றி விட்டிருக்கிறார்கள். மல்லிகை வாசனை ஈக்களுக்கு ஆகுமா ஆகாதா என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். அதுவும் இப்போது என்ன முக்கியம், அதுகள்தான் ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கின்றனவே. இங்கே உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிகிறது, கூண்டின் அடியில் மிளகுத்தூள் சிந்திய மாதிரி கிடக்கின்றன. அந்தப் பக்கமாகத்தான் பூவைத் தள்ளி மறைத்திருக்கிறார்கள். டெல்லியிலிருந்து வருகிற பார்வைக்குழுவின் கார் இன்னும் வரவில்லை. வந்ததும் விழா. எங்கள் மையத்து வழக்கம் இது: ஒரு வரிசை ஈக்கள் பெரிய எண்ணைத் தொட்டால் கேக் வெட்டுவோம். வளர்த்தவரை மேசைக்குக் கூப்பிட்டு இயக்குநர் உரக்கக் கேட்பார், எத்தனையாவது தலைமுறை? வளர்த்தவர் எண்ணைச் சொல்ல வேண்டும். சொன்னதும் ஹாலே அதைத் திருப்பிக் கத்தும். அப்புறம் கத்தி, கைதட்டல், ஆளுக்கொரு துண்டு. இன்றைக்குக் கேட்கப்போவது என்னை. நான் ஐம்பது என்று சொல்ல வேண்டும். ஐம்பது இல்லை என்பது எனக்குத் தெரியும், கேட்கப்போகிற இயக்குநருக்கும் தெரியும், பின்வரிசையில் புதுச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிற ஆராய்ச்சி மாணவன் நவநீதனுக்கும் தெரியும்.

பக்கத்தில் எஸ்தர் வந்து உட்காருகிறாள். கொசுக்காரி. கொசுவத்திப் புகைக்குச் சாகாத கொசுக்களை வளர்த்து, அதுகளின் பிள்ளைகளும் சாகாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பவள். கை முழுக்கத் தழும்பு. "சாப்டியா?" என்கிறாள். சாப்பிடவில்லை. "சொல்லப் போறியா?" என்கிறாள், மெதுவாக. தெரிந்தால்தானே சொல்வதற்கு. என் மேலேயே வாழைப்பழ வாசனை அடிக்கிறது, சேலை மாற்றியும் போகவில்லை, பதினோரு வருஷமாகப் போகவில்லை. பழுத்துக் கறுத்த வாழைப்பழம், வெல்லம், ஈஸ்ட், பார்லி மாவு எல்லாம் போட்டுக் காய்ச்சுகிற கூழ்தான் ஈக்குச் சாப்பாடு. மருதமலை பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுப் பெண் மூக்கைப் பொத்துவாள், இந்த வயசில் குடிச்சிட்டு வருது பார் என்கிற பார்வை. பார்த்தால் பார்த்துவிட்டுப் போ. என் ஈக்களைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? என் அறையில் இரண்டு அலமாரி. எதிர் அலமாரியில் அவசர வரிசை, அதில் ஈ இளமையாக இருக்கும்போதே முட்டையை எடுத்து அடுத்த தலைமுறையை ஆரம்பித்துவிடுவோம். பெற்றவர்கள் அதற்கப்புறம் இருந்தால் என்ன, போனால் என்ன. இந்தப் பக்க அலமாரியில் என்னுடைய நிதான வரிசை. அதில் காத்திருக்க வேண்டும். மற்ற ஈயெல்லாம் செத்து உதிர்ந்த பிறகும் எது நிற்கிறதோ, பத்து வாரம் தாண்டிக் கிழவியான பிறகும் எதற்கு முட்டையிட வலு இருக்கிறதோ, அதன் பிள்ளைகள் மட்டும்தான் அடுத்த தலைமுறை. இதையே திரும்பத் திரும்பச் செய்தால் ஈயின் ஆயுசே நீள்கிறது. யாரும் மருந்து கொடுக்கவில்லை, மந்திரம் போடவில்லை, காத்திருந்தோம், அவ்வளவுதான். என் ஈ கடைசியில் அவசர ஈயைப் போல இரண்டு மடங்கு நாள் இருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறையும், பொய் சொல்லவில்லை, எந்தப் பொங்கலுக்கும் எந்தக் கல்யாணத்துக்கும் அப்படி நிறைந்ததில்லை. பொங்கலுக்கு நான் ஊருக்குப் போனதும் இல்லையே, ஈக்கு லீவு கிடையாது. ஹாஸ்டல் பிள்ளைகள் எனக்கு லேட் அக்கா என்று பேர் வைத்திருக்கின்றன. முதுகுக்குப் பின்னால். லேட்டாகப் பிள்ளை பெறுகிற ஈயை வளர்க்கிற அக்கா, நாற்பத்து நாலு வயசாகியும் ஒன்றும் பெறாத அக்கா. கேட்டும் கேட்காத மாதிரி போயிருக்கிறேன். மெஸ்ஸில் சாம்பார் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். கோபம் வராமல் இல்லை, ஆனால் அது சின்னக் கோபம், கூண்டுக்குள் கையை விட்டதும் அடங்கிவிடும். இந்த வாரக் கோபம் அப்படி இல்லை. இது அடங்குவதாக இல்லை.

எட்டுக் கால். அதை விடவே முடியவில்லை என்னால். யாரோ ஃபோனில் ஆர்டர் கொடுத்திருப்பார்கள், அண்ணா ஒரு ஈ படம் போட்டுருங்க என்று, அவனும் போட்டுவிட்டான், அவன் மேல் என்ன தப்பு? கேட்டிருக்கலாம் அவன், எத்தனை கால் என்று. ஒரு வார்த்தை. கேட்டால் நேரம் ஆகும், கேட்டால் நாம் முட்டாளாகத் தெரிவோம், கேட்டால் எதிராளி டென்ஷன் ஆவான். டென்ஷன், அந்த வார்த்தைதான். நவநீதனும் அதையே சொன்னான், என் தம்பியும் அதையே சொன்னான். மூன்று மாசத்துக்கு முன்னால், கட்டியை மட்டும் எடுப்பதாகத்தான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கர்ப்பப்பையில் கட்டி, நெல்லிக்காய் அளவு, பயப்பட ஒன்றும் இல்லை, ஒரு வாரத்தில் வேலைக்குப் போகலாம். கண் விழித்தபோது தொண்டை வறண்டிருந்தது, ஜன்னலில் ஒரு பச்சைத் திரை, தம்பி வெட்டும்பெருமாள் ஸ்டூலில் உட்கார்ந்து ஃபோனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிட்டுக்கா. முழுசா எடுத்துட்டாவ. இனிமே தொந்தரவே கிடையாது" என்றான். எதை முழுசா? கர்ப்பப்பையை. "பாதி ஆபரேஷன்ல டாக்டர் வெளிய வந்து கேட்டாவ. எடுத்துட்டா நல்லதுன்னாவ. நான் சரின்னுட்டேன். ஒன்ன எழுப்பியா கேக்க முடியும்? முன்னாடியே சொன்னா நீ டென்ஷனாவேன்னுதான் சொல்லல." முன்னாடியே! அப்படியானால் முன்னாடியே பேசியிருக்கிறார்கள். வராந்தாவில் நின்று டாக்டரும் இவனும் பேசி முடித்திருக்கிறார்கள், நான் உள்ளே கவுன் மாற்றிக்கொண்டிருந்தபோது. அக்காவுக்கு இனிமே எதுக்கு அது என்று டாக்டர் கேட்டிருப்பார், இவன் தலையாட்டியிருப்பான். எனக்குப் பிள்ளை வேண்டும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வேண்டாம், சத்தியமாக வேண்டாம். ஆனால் அந்த வேண்டாம் என்னுடையது. என் வாயால் நான் சொல்ல வேண்டியது. அதைச் சொல்வதற்காவது என்னை ஒரு தடவை கேட்டிருக்க வேண்டும். ஆறு வாரம் படுக்கையில் கிடந்து கூரைக் காற்றாடியைப் பார்த்துக்கொண்டு இதையேதான் நினைத்தேன். வந்து பார்த்தவர்கள் எல்லாம் ஆர்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, நல்லதாப் போச்சு என்றார்கள். எஸ்தர் ஒருத்திதான் ஆர்லிக்ஸும் கொண்டுவராமல், நல்லதாப் போச்சு என்றும் சொல்லாமல், கட்டிலில் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து தம்பியைத் திட்டினாள். அந்த ஆறு வாரமும் ஈயைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் அல்லவா? நவநீதன் தானாக வந்தான். ஈரோட்டுப் பையன், கணக்கு படித்தவன், கம்ப்யூட்டரில் ஈக்கூட்டத்தைச் சமன்பாடாக ஓடவிட்டுப் பார்க்கிறவன். உண்மை ஈயை அவன் அதுவரை தொட்டதில்லை. நான் பார்த்துக்கறேனுங்க அக்கா, நீங்க ஒடம்பப் பாருங்க என்றான். நன்றாகத்தான் சொன்னான். எனக்குக் கண் கலங்கியது அன்றைக்கு.

திரும்பி வந்து பார்த்தால் கூண்டில் புது ஈக்கள். ஐம்பதாவது தலைமுறை, செழிப்பாக, கூட்டமாக. மனசு குளிர்ந்துபோய்த் துணிக்குழாயில் கையை விட்டுவிட்டுச் சும்மா நின்றேன். அப்புறம் ஆறாவது வாரத்திலேயே உதிர ஆரம்பித்தன. என் ஈ ஆறாவது வாரத்தில் சாகாது. பூஞ்சை என்று நினைத்தேன், கூழைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சினேன். ஏசி என்று நினைத்தேன், ஆளைக் கூப்பிட்டுக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். என் கை என்று நினைத்தேன், ஆபரேஷனுக்கு அப்புறம் என் கையில் ஏதோ மருந்து வாடை ஒட்டியிருக்கிறதோ, என் உடம்பிலிருந்து எதுவோ போனது ஈக்குத் தெரிந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். பைத்தியம், பைத்தியம். இப்படியெல்லாம் நினைக்க வைத்தார்களே என்பதுதான் இன்னும் கொதிக்கிறது. போன திங்கட்கிழமை, டீ குடிக்கிற இடத்தில், நான் கேட்காமலேயே நவநீதன் லேப்டாப்பைத் திறந்து ஒரு கோட்டுப் படத்தைக் காட்டினான். முகமெல்லாம் சந்தோஷம். "அக்கா, நீங்க லீவுல இருந்தப்ப கூட்டம் ரொம்பக் கம்மியாயிருச்சுங்க. எல்லாம் வயசான ஈ, தினம் செத்துட்டே இருந்துச்சு. என் மாடல்ல போட்டுப் பாத்தேன், அப்படியே விட்டா வரிசையே அழிஞ்சிரும்னு வந்துச்சுங்க. அதான் முட்டை எடுக்கறதுக்கு முன்னாடி எதிர் அலமாரில இருந்து கொஞ்சம் ஈயப் பிடிச்சு உள்ள விட்டேன். துணைக்கு." துணைக்கு. துணைக்காம். வயசான ஈ தினம் செத்துக்கொண்டே இருப்பதுதான் இந்த வரிசை! சாகிறது போக நிற்பதுதான் இந்த வரிசை! எதிர் அலமாரி ஈயின் இளம் முட்டையெல்லாம் பொங்கி வந்திருக்கும், என் கிழவிகளின் நாலு முட்டை அதில் எங்கே போயிற்று என்று யார் பிரிக்கப் போகிறார்கள்? பாலில் தண்ணீர் கலந்த பிறகு தண்ணீரை மட்டும் எப்படி எடுப்பது? "யாரக் கேட்டுடே செஞ்ச?" என்றேன். என் ஊர்ப் பேச்சு தன்னால் வந்துவிட்டது. அவன் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "உங்களக் கேட்டா டென்ஷனாவீங்கன்னுதாங்க... படுத்துட்டிருந்தீங்க, தொந்தரவு பண்ண வேண்டாம்னு... அழிஞ்சு போறதக் காப்பாத்தித்தானுங்க குடுத்தேன்." காப்பாற்றினானாம். அவன் கண்ணில் பொய் இல்லை, அதுதான் கொடுமை, திட்டக்கூட வாகாக இல்லை. ஈக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்க முடியாது, எனக்குப் போட்டிருக்கலாம் அல்லவா? படுக்கையில்தான் கிடந்தேன், சாகவில்லையே.

இயக்குநர் வாசலுக்கும் ஹாலுக்குமாக நடக்கிறார். கார் சிங்காநல்லூர் தாண்டிவிட்டதாம். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு, அமைதி என்று கையால் ஒரு சாடை. நவநீதன் சொன்ன அன்றைக்கும் அதே சாடைதான். நான் இவர் அறைக்குப் போய் எல்லாம் சொன்னேன், நின்றுகொண்டே சொன்னேன். கேட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணு யோசிச்சுப் பாருங்கோ உல்கா. வெளியிலேர்ந்து நாலு ஈ வந்து கலக்கறதும் இயற்கையில நடக்கறதுதானே? இதுவும் பரிணாமம்தானே?" என்றார். சார், இயற்கையில் நடக்கலாம், என் கூண்டில் நடக்கக் கூடாது, அதற்குத்தானே கூண்டு என்றேன். "புரியறது, புரியறது. ஆனா வியாழக்கிழமை குழு வரது. மையம் அடுத்த அஞ்சு வருஷம் இருக்குமா இல்லையான்னு அவாதான் சொல்லணும். உங்க வரிசைதான் நம்ம மாலையில நடு மணி. அத நம்பித்தான் இத்தன பேர் இருக்கோம். நாமல்லாம் ஒரே குடும்பம். இந்த ஒரு தடவை அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கோ. யாருக்குத் தெரியப் போறது?" ஈக்குத் தெரியும் சார் என்றேன். ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். நான் ஜோக் அடிக்கவில்லை. ஈக்குத் தெரியும். நீங்கள் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளலாம், நான் பண்ணிக்கொள்ளலாம், அது பண்ணிக்கொள்ளாது. அதற்கு எத்தனை நாளோ அத்தனை நாளில் செத்து அடியில் விழும், பூவைப் போட்டு மூடினாலும் விழும். குடும்பம் என்றாரே, அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போது தையல் போட்ட இடம் சுருக்கென்கிறது. குடும்பம் என்றால் என்னைக் கேட்காமல் தீர்மானித்துவிட்டு என் நல்லதுக்கு என்பது. சரி, நியாயமாகவும் பார்ப்போம். நான் வாயைத் திறந்தால் என்ன ஆகும்? வரிசை முடிந்தது. பதினோரு வருஷம் முடிந்தது. கலந்த ஈயை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்தால் அடுத்த ஐம்பதுக்கு எனக்கு ஐம்பத்தைந்து வயசு. என் வேலையே இந்த வரிசையின் பேரில்தான் நீட்டிக்கப்படுகிறது, வரிசை இல்லாவிட்டால் நீட்ட எதுவும் இல்லை. எஸ்தரின் கொசு, மெஸ், ஹாஸ்டல், நவநீதனின் படிப்பு, எல்லாம் ஆடும். திறக்காவிட்டால்? ஐம்பது என்று அச்சில் வரும். என் பேர் முதலில் வரும், உல்கா என்று. யாரோ ஒரு பிள்ளை எங்கோ உட்கார்ந்து அதை நம்பித் தன் ஈ வரிசையை ஆரம்பிக்கும், தன் ஈ மட்டும் ஏன் அப்படி வரவில்லை, தன் கையில்தான் கோளாறோ என்று நினைத்து நினைத்துச் சாகும். நான் நினைத்த மாதிரி. ஐயோ, அந்தப் பிள்ளையை நினைத்தால்தான்... இல்லை, அந்தப் பிள்ளையைச் சாக்காகச் சொல்ல வேண்டாம். எனக்காகத்தான் எரிகிறது. இது என்னுடையது. கூழ் காய்ச்சிக் கையெல்லாம் சுட்டுக்கொண்டது நான். இதை அழிக்கிற உரிமைகூட எனக்குத்தான் இருந்திருக்க வேண்டும். எதிர் அலமாரியைத் திறக்க அவன் யார்? வராந்தாவில் நின்று தலையாட்ட இவன் யார்?

கார் வந்துவிட்டது. நாற்காலிகள் நகர்கின்றன, யாரோ ஃபேனைக் கூட்டிவைக்கிறார்கள், மல்லிகை ஆடுகிறது. குழுவில் மூன்று பேர். இரண்டு ஆண்கள் சோர்ந்து போயிருக்கிறார்கள், சால்வையை வாங்கிக்கொண்டு உடனே மடியில் மடித்து வைத்துவிட்டார்கள். மூன்றாவது ஒரு வயசான அம்மாள், மதுரைக்காரராம், பேர் நாச்சியார். உட்காராமல் நேராகக் கேக்கிடம் போய்க் குனிந்து பார்க்கிறார், "ஏன் இதுக்கு எட்டுக் கால்?" என்கிறார். இயக்குநர் பலமாகச் சிரிக்கிறார், ஹாலும் சிரிக்கிறது. அம்மாள் சிரிக்கவில்லை. பக்கத்துக் கூண்டைப் பார்க்கிறார், பூவை ஒரு விரலால் விலக்குகிறார், அடியைப் பார்க்கிறார். போய் உட்காருகிறார். இயக்குநர் மைக்கைப் பிடித்துவிட்டார். காத்திருப்பின் மகத்துவம், பொறுமை என்னும் அருங்குணம், நம் குடும்பத்தின் மூத்த சகோதரி. ஆமாம், பொறுமை, அதைத்தான் எல்லாரும் எனக்குத் தானமாகத் தருகிறார்கள், எனக்குப் பொறுமை இருக்கிறது என்று யார் சொன்னது? பொறுத்துப் பொறுத்துத்தான் உல்கா ஆனேன், லேட் அக்கா ஆனேன், எடுத்தால் நல்லது ஆனேன். "வரலாமே உல்கா" என்கிறார். எழுந்திருக்கிறேன். எஸ்தர் என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு விடுகிறாள், சொல் என்றா சொல்லாதே என்றா, தெரியவில்லை. மேசை வரைக்கும் நடந்துவிட்டேன். கத்திக்கு ரிப்பன் கட்டியிருக்கிறார்கள். கூண்டுக்குள் ஒரு ஈ கண்ணாடியில் ஏறப் பார்த்து வழுக்கிப் பின்னும் ஏறப் பார்க்கிறது. நீ என்னுடையதா, எதிர் அலமாரியா? எனக்கே தெரியவில்லை. உன்னைப் பார்த்தால் எனக்கே தெரியாதபடி ஆக்கிவிட்டார்கள், பார். இயக்குநர் மைக்கை என் வாய்க்குப் பக்கத்தில் நீட்டி, ஹாலைப் பார்த்து, வழக்கமான அந்தப் பெரிய குரலில் கேட்கிறார்: "எத்தனையாவது தலைமுறை?" ஹால் மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு நிற்கிறது, கத்துவதற்கு. சடங்குக்குக் கேட்கிற கேள்விதான். பதிலைக் கேக்கிலேயே எழுதிவிட்டுக் கேட்கிற கேள்வி. ஆனாலும் கேட்டுவிட்டார். இத்தனை நாளில், இந்த விஷயத்தில், வாயைத் திறந்து என்னைக் கேட்ட முதல் கேள்வி இது.

"ஒண்ணு" என்கிறேன்.

பாதி ஹால் பழக்கத்தில் ஐம்பது என்று கத்திவிட்டு, கத்திய பிறகு காதில் விழுந்து, வாயைப் பொத்திக்கொள்கிறது. பின்வரிசையில் நவநீதன் எழுந்து நிற்கிறான், எதற்கு எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது போல நிற்கிறான். இயக்குநர் மைக்கை இழுக்கிறார், "டென்ஷன்ல இருக்கா, பாவம், இப்பத்தான் ஆபரேஷன்..." என்கிறார். நான் மைக்கைப் பிடித்துக்கொள்கிறேன், விடவில்லை. முன்வரிசையில் நாச்சியார் அம்மாள் கையை உயர்த்துகிறார், இயக்குநரைப் பேசாமல் இருக்கச் சொல்லி. என் பக்கம் திரும்பி, "உங்க பேரு என்னம்மா?" என்கிறார்.

"உலகம்மாள்."

"எத்தனைன்னீங்க உலகம்மாள்? எனக்குச் சரியா விழல."

முதல் தடவையே காதில் விழுந்துவிட்ட முகம்தான் அது. மறுபடியும் சொல்கிறேன்.